நெடிய வாடை, நல்ல வாடை

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த முதற் சனிக்கிழமையன்று, என் மாணவன் ஒருவனைத் தேடிக்கொண்டு தலைமன்னாருக்குச் சென்றேன். பதினோராம் ஆண்டில் படிப்பவன். மார்ச்சு மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். இரண்டு வாரங்களாக அவன் பாடசாலைப் பக்கம் தலைகாட்டவில்லை. வாடைக் காலத்தில் எங்கள் வகுப்பறைகளின் பின் வாங்குகள் வெறுமையாவது புதிதன்று. வடகரையில் தொழில் படுத்துவிட்டால் சில குடும்பங்கள் தென்கரைக்குப் போய் வாடி அமைத்துக் கொள்ளும். பிள்ளைகளும் உடன்போய் வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள். அவனும் அவ்விதமே போயிருப்பான் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அவன் வகுப்புத் தோழன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி வேறாக இருந்தது.

"அவன் உருமலையில வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடிச்சுக் குடுக்கிறான் சேர்."

என் தாயாரின் தம்பி அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். 1988இல் நோர்வேக்குப் போனவர். நத்தாருக்கு வந்து, பொங்கலையும் முடித்துக்கொண்டு திரும்பிப் போக இருந்தார். நான் புறப்படுவதைக் கண்டதும், "பட்டம் பிடிக்கிறதும் ஒரு உத்தியோகமோ? நானும் வாறன் மருமகன், பாப்பம்" என்று மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

உருமலையை வாசகர் பலர் கண்டிருக்க மாட்டார்கள். மன்னார்த் தீவின் மேற்குக் கோடி அது. அதற்கப்பால் நிலம் தயங்கித் தயங்கி மணற்றிட்டுக்களாகச் சிதறி இராமேசுவரத்தை நோக்கிப் போகிறது. வடக்கே பாக்குக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. தை மாதத்தில் அங்கே நிற்பவனை வாடை சும்மா விடுவதில்லை. மணலை வாரிக் கெண்டைக்காலில் அடிக்கும். ஊசியால் குத்துவது போன்ற வலி. அன்று கரையில் கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. வலைகளை ஓலையால் மூடி, மேலே கல் வைத்திருந்தார்கள். ஒரு குடிசையின் காற்று மறைவில் நாலைந்து பேர் சீட்டாடிக் கொண்டிருந்தார்கள். சீட்டு பறக்காமல் முழங்காலால் அமத்திக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. அவர்களில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை.

அவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில், வானம் முழுவதும் பட்டங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு வள்ளத்தின் அகலம். ஒவ்வொரு பட்டத்தின் கீழும் ஒரு மனிதன், காலிற் பலகையைப் பூட்டிக்கொண்டு நீரின்மேல் சறுக்கிப் போனான். ஆண்கள், பெண்கள், நரை கண்டவர்கள்கூட இருந்தார்கள். நீரிலிருந்து கிளம்பி இரண்டு ஆள் உயரம் பறந்து, மீண்டும் நீரிலே இறங்கினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்தக் காற்று ஒருவனுடைய அடுப்பை அணைத்துவிட்டதோ அதே காற்றை நாட்கூலிக்கு விற்று இன்னொருவனுக்கு வேடிக்கை காட்டுகிறார்களே என்ற கோபம். கையிலே கொடியும் வாயிலே முழக்கமும் இருந்த மாணவப் பருவத்தில் அந்தக் கோபத்தோடு நான் நின்றிருப்பேன். அதற்கப்பால் ஓரடி எடுத்து வைத்திருக்க மாட்டேன்.

வாடை எனக்குப் புத்தகத்தில் அறிமுகமானது. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றபோது, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை வரி வரியாகப் படித்தோம். நக்கீரர் பாடியது, 188 அடிகள். அதன் பெயருக்கு உரைகாரர் சொல்லும் விளக்கத்தைத் தமிழ் படித்த எவரும் அறிவர். கணவனைப் பிரிந்து அரண்மனையில் வாடும் அரசிக்கு அந்த வாடை நெடிய வாடை. பாசறையில் வெற்றியை நோக்கியிருக்கும் அரசனுக்கு அது நல்ல வாடை. ஒரே காற்று ஒருத்திக்கு நெடிதாகவும் ஒருவனுக்கு நல்லதாகவும் வீசுகிறது. இந்த நயத்தை எழுதி நான் நல்ல புள்ளிகள் பெற்றேன். ஆனால் அதே பாட்டின் தொடக்கத்திலேயே சிலர் வருகிறார்கள்: வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, மழையில் நனைந்து, கைகளை நெருப்பிலே காய்ச்சிக்கொண்டு, பல் கிட்ட நடுங்கும் கோவலர்கள். அவர்களுக்கு அந்த வாடை நெடியதா, நல்லதா? எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. எந்த விரிவுரையாளரும் கேட்கவில்லை. பதின்ம வயது முழுவதையும் கடலோரத்தில் கழித்த நானும் கேட்கவில்லை. அரசனும் அரசியும் போதுமாக இருந்தார்கள்.

கடலோரத்தில் கழித்தேன் என்றேன். கடலிற் கழித்தேன் என்று சொல்லவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. 1990இல் என் தாயார் இரவோடிரவாக ஒரு வள்ளத்தில் ஏறி இராமேசுவரம் போய்ச் சேர்ந்தவர். அந்த இரவில் என்ன கண்டார் என்பதை அவர் எனக்கு முழுவதும் சொன்னதில்லை. நான் பிறந்து வளர்ந்தபின் அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: முழங்காலுக்கு மேல் தண்ணீர் படக்கூடாது. எங்கள் தலைமுறையில் இப்படிப்பட்ட கரைவாசிகள் பலர் உண்டு. போர்க்காலத்துக் கடல், பாஸ் வாங்கிப் போகும் கடலாகவும், போனவர் திரும்பாத கடலாகவும் இருந்தது. அது விளையாட்டு இடமாக இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் மாணவனைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. பட்டமொன்றின் விளிம்பை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி கரையில் நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது. ஓடிப்போக நினைத்திருப்பான், பட்டத்தை விட்டால் அது இழுத்துக்கொண்டு போய்விடும், ஆகவே ஓடவும் முடியவில்லை. இருபது மீற்றருக்கு மேல் நீண்ட நூல்களின் மறுமுனையில், இடுப்புப் பட்டியில் கொளுவிய பிடியோடு நின்ற வெள்ளைக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டியதும், அவன் பட்டத்தைக் காற்றின் பக்கம் சற்றே சாய்த்து விட்டான். அது படபடத்து நிமிர்ந்து மேலே ஏறியது. அதன் முன்விளிம்பு காற்றடைத்த குழாய். நீரில் விழுந்தாலும் அமிழாது, மீண்டும் எழும். 1984இல் பிரான்சின் பிரித்தானி என்னும் கடற்கரை நாட்டைச் சேர்ந்த லெகெஞூ சகோதரர் இருவர் காப்புரிமை பெற்ற முறை அது என்று பின்னர் அறிந்தேன்.

"சேர், ரெண்டு நிமிசம். அவரை வெளியில விட்டிட்டு வாறன்."

வந்தான். தலை குனிந்து நின்றான். நான் பரீட்சையைப் பற்றிப் பேசினேன். எதிர்காலத்தைப் பற்றிப் பேசினேன். ஆசிரியன் வழக்கமாகப் பேசுகிற எல்லாவற்றையும் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னான்:

"பள்ளிக்கூடம் அங்கயே நிக்கும் சேர். காத்து நிக்காது. பங்குனியோட போயிடும்."

இந்தப் பதிலுக்கு எந்தக் கல்வியியல் நூலிலும் மறுமொழி இல்லை.

அவன் வீட்டு நிலைமையை அன்று மாலைதான் முழுவதும் அறிந்தேன். தகப்பனார் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிப்பவர். முந்திய தலைமுறையினர் மூச்சடக்கிக் குளித்தார்கள். இன்று முதுகிலே காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆழத்தில், அழுத்தமேறிய காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க, அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல, இடையிடையே தங்கி ஏறினால் அது தானே வெளியேறிவிடும். அவசரப்பட்டு ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தலைப்போல உடலுக்குள் குமிழியிடும். குமிழி முள்ளந்தண்டிற் போய் அடைத்தால் கால்கள் போய்விடும். இந்த மனிதர் ஒரே நாளில் நாலு தரம், ஐந்து தரம் இறங்கி ஏறினார். ஒருவரும் அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கலத்தையும் படகையும் கொடுத்த முதலாளிக்கு அட்டையின் கணக்குத் தெரிந்திருந்தது; நைதரசனின் கணக்குத் தேவைப்படவில்லை. இப்போது அவர் திண்ணையில் இருந்து வலை பொத்துகிறார். கைகள் நன்றாக வேலை செய்கின்றன.

"அவருக்குக் கால் விழுந்த நாளில இருந்து கடல் எங்களுக்கு வேணாம் எண்டு இருந்தனான் சேர்" என்றார் அந்தத் தாய். "பெடியன் திரும்பவும் தண்ணிக்குள்ளதான் போறான். ஏசினா, அம்மா இது கீழ போற வேலை இல்ல, மேல போற வேலை எண்டுறான்."

நான் சொல்ல வந்தது இதற்கு முன் நடந்த ஒன்று. கரையில், அவனோடு பேசி முடித்துவிட்டு, சீட்டாடியவர்களின் குடிசை மறைவில் நானும் மாமாவும் தேநீர் குடித்தோம். மாமா நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன குளிர்" என்றார். "தண்ணி இருபத்தஞ்சு பாகைக்குக் குறையாது. இதுக்குள்ள கிடந்து விளையாட ஆர்தான் மாட்டன் எண்டுவான்? எங்கட பக்கத்தில மாசி மாதத்தில இறங்கிறாங்கள். அஞ்சு பாகை."

மாமா போனது நோர்வேயின் வட கோடியான பின்மார்க்குக்கு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956இல் அந்த நாட்டுக்குப் போன முதல் தமிழர் என்று சொல்வார்கள். மீன்பிடித் தொழிலை அறிந்துகொள்ளப் போனவர் அவர். 1967இல் காரைநகரில் 'சீநோர்' படகுத் தொழிலகம் உருவாவதற்கு வழி வகுத்தவர்களில் ஒருவர். எண்பதுகளின் பிற்பகுதியில் போன நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கோ வேறு விதி. வடகரையின் மீன் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை இருந்தது. அந்நாட்டவர் விட்டு விலகிய வேலையை எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதங்கள் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத ஊர்கள் அவை.

"காலமை ஆறு மணிக்குப் போய் நிண்டால், ஐஸ் தண்ணியோட மீன் வந்துகொண்டே இருக்கும். முதல்ல கை நோகும். பிறகு நோகாது. நோகாமப் போகேக்கதான் பயப்பட வேணும். கத்தி விரலுக்குள்ள போனாலும் தெரியாது. அந்தத் தண்ணியில நான் பதினாலு வருசம் கை வைச்சனான். ஒரு நாளும் அந்தக் கடலைத் திரும்பிப் பாத்ததில்லை. வேலை முடிஞ்சா வீடு, யன்னலுக்குத் திரை."

மாமாவின் மகள் அங்கே பிறந்தவள். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள லோபோட்டன் தீவுகளில், உன்ஸ்டாட் என்னும் சிறு விரிகுடா ஒன்று உண்டு. மலைகளுக்கிடையே ஒரு கையளவு மணற்கரை. 1963இல் மாலுமிகளாகத் திரிந்து வந்த இளைஞர் இருவர், வெளிநாட்டிற் கண்ட அலைச்சறுக்கை மறக்க மாட்டாமல், இசைத்தட்டின் உறையில் இருந்த படத்தைப் பார்த்துப் பலகை செய்து அங்கே இறங்கினார்களாம். இன்று உலகெங்குமிருந்து வருகிறார்கள். பனி மூடிய கரையிலிருந்து பலகையோடு ஓடி, ஐந்தாறு பாகை நீரிற் குதிக்கிறார்கள். இந்தத் தீவுகள் வேறொன்றுக்கும் பேர் போனவை: தை தொடங்கிச் சித்திரை வரையில் கொட் மீன் முட்டையிட அங்கே வரும், நூற்றாண்டுகளாக அம்மக்கள் அதைப் பிடித்து, மரச் சட்டங்களில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். நாம் உப்பும் வெயிலும் கொண்டு செய்யும் கருவாட்டை அவர்கள் உப்பின்றிக் குளிர்காற்றைக் கொண்டு செய்கிறார்கள். வாடை அங்கே மீனையும் காய வைக்கிறது, அலையையும் எழுப்புகிறது.

"மகள் ஒரு மாசி மாதம், அப்பா நானும் இறங்கப் போறன் எண்டாள். நான் ஏசினன். நீ படிச்ச பிள்ளை, உனக்கென்ன விசர் எண்டன். கடைசியில காரில கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். இறப்பர் உடுப்பு ஒண்டு போட்டாள். தலைக்கும் மூடி, கைக்கும் உறை, காலுக்கும் சப்பாத்து. மூஞ்சை மட்டும்தான் வெளியில. நான் கரையில பனிக்குள்ள நிக்கிறன். அவள் விழுறாள், எழும்புறாள், விழுறாள், எழும்புறாள். பிறகு ஒரு அலையில எழும்பி நிண்டாள். அவ்வளவுதான், நாலு செக்கன். கத்தின சத்தம் எனக்குக் கேட்டது."

சற்று நிறுத்திவிட்டு, "எனக்குப் பொறாமையாக் கிடந்தது மருமகன்" என்றார். "சொந்தப் பிள்ளையில பொறாமை. அதே தண்ணிதானே."

அந்த இறப்பர் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. நீர், காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடற்சூட்டைப் பறிக்க வல்லது. பழைய முறைகளெல்லாம் நீர் உள்ளே வராமல் தடுக்கப் பார்த்தன. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் பணியாற்றிய இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர், 1952ஐ ஒட்டி, நீர் உள்ளே வந்தாலும் பாதகமில்லை என்று கண்டார்: சிறு வாயுக் குமிழிகள் நிறைந்த இறப்பர், உடலின் சூட்டைக் காத்துக்கொள்ளும். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த அதே மனிதர், கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்காகச் செய்தது இது. போருக்குப் பிறந்த உடை விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தந்தையின் உடலைக் குமிழி முடக்குகிறது. ஒரு மகளின் உடலைக் குமிழி காக்கிறது. இரண்டையும் அறிந்த அறிவு ஒன்றுதான். அது யாருடைய கரைக்கு முதலில் வந்து சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு.

விளையாட்டு என்பது பணக்காரர் விவகாரம் என்று சொல்லி ஒதுக்கும் நண்பர்களுக்கு நான் ஜாக் லண்டனை நினைவூட்டுவேன். சிறுவனாகத் தகரத்தில் உணவு அடைக்கும் தொழிற்சாலையில் மணிக்குப் பத்துச் சதத்துக்கு உழைத்தவர்; சமவுடைமைவாதி; 'மார்ட்டின் ஈடன்' எழுதியவர். அவர் 1907இல் ஹவாய்த் தீவுகளின் வைகீகிக் கரையில் அலைச்சறுக்கைக் கண்டு, தாமும் கற்று, முதுகின் தோல் வெயிலில் வெந்து படுக்கையில் கிடந்தபடி அதைப் புகழ்ந்து எழுதினார். அரசர்க்குரிய விளையாட்டு என்று அவர் பெயரிட்டது மட்டும் முழு உண்மையன்று. ஹவாயில் அரசர்கள் மட்டுமல்ல, மீனவரும் பெண்களும் சிறுவரும் அலையேறினார்கள். 1820க்குப் பின் வந்த பாதிரிமார் இதைச் சோம்பலென்றும் ஒழுக்கக் கேடென்றும் பார்த்தார்கள். வெளியார் கொண்டுவந்த நோய்கள் மக்களையே கொன்று குவித்தன. அந்த விளையாட்டும் மெலிந்தது. உழைக்கிறவன் களிப்பதைச் சோம்பல் என்று பெயரிடுவது தோட்ட முதலாளிக்கு எப்போதும் வசதியானதுதான். எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் போராடியபோது, உறக்கத்துக்கு எட்டு, தம் விருப்பத்துக்கு எட்டு என்றும் சேர்த்தே கேட்டார்கள் என்பதை நாம் மே தினக் கூட்டங்களிற்கூடச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

எம்மவருக்கும் அலை புதிதன்று. துறைமுகமற்ற பழைய சென்னையில், நுரைத்தெழும் கரையலையைக் கடந்து தொலைவில் நின்ற கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்கள் கரை திரும்பியதும் அலையின் முதுகிலேதான். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. அலையேறும் கலையை மட்டும் வெள்ளையர் ஹவாயிலே கண்டதாக எழுதினார்கள். இப்போது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் 2012இல் ஓர் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கி மீனவர் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றினார். எங்கள் நாட்டின் அறுகம்குடாவில் 2018இல் பெண்கள் தமக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். மன்னாரில் ஏறத்தக்க பெரிய அலை இல்லை. பாக்குக் கடல் ஆழமற்றது. ஆனால் காற்று உண்டு. ஆதலால் இங்கே பலகையை அலை தள்ளுவதற்குப் பதில் பட்டம் இழுக்கிறது.

எனினும் என் கோபம் முழுவதும் போய்விட்டதாக யாரும் கருத வேண்டாம். இந்தக் கடலில் வேறு நோக்கத்தோடு இறங்கியவர்களை நான் வணங்குகிறேன்: 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய மிகிர் சென்னை, 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாகக் கடந்து, 1984இல் ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் உயிர்விட்ட வல்வெட்டித்துறை ஆனந்தனை. ஆனால் இந்தக் கரைக்கு விலை போடப்பட்டுவிட்டது. 2020 முதல் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றுக்கு ஒரு விலை. கரைக்கு ஒரு விலை. விடுதியொன்றின் வேலி, சம்மாட்டிமார் காலங்காலமாகப் படகு இறக்கிய ஒற்றையடிப் பாதையை மறித்து நிற்பதை அன்று பார்த்தேன். சுற்றிக்கொண்டு போனால் அரை மைல். சீட்டாடியவர்களுள் மூத்தவர் சொன்னார்: "விளையாடட்டும் தம்பி, கடல் பெரிசு. எங்கட பாதையை விட்டிட்டு விளையாடட்டும்."

மாலை நாலரை மணிக்கு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கரையேறியதும் துவாலை போர்த்தினார்கள். ஈர உடலில் வாடை பட்டால் இருபத்தைந்து பாகை நீருங்கூடப் பல்லைக் கிட்ட வைக்கிறது. ஐரோப்பியப் பெண் ஒருத்தி தன் பட்டத்தை மடிக்காமல் என் மாணவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு, கிழிந்த பாடசாலைக் காற்சட்டையோடு நீரிலிறங்கினான்.

அவன் பாடசாலையில் எப்போதும் முதுகை வளைத்தே இருப்பான். கேள்வி கேட்டால் எழுவதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பையன் பலகைமேல் எழுந்து, பின்னுக்குச் சாய்ந்து, ஒரு கையைப் பிடியிலிருந்து விட்டு நீரைத் தொட்டுக்கொண்டே போனான். மேற்கே போய்ச் சிறிதாகி, திரும்பிப் பெரிதாகி வந்தான். கரைக்கு அண்மையில் வந்ததும் எழும்பிப் பறந்தான். சீட்டாடிக் கொண்டிருந்தவர்கள் சீட்டை விட்டுவிட்டு எழுந்து வந்து நின்றார்கள். "பொறுக்கிப் பயல்" என்றார் ஒருவர். அந்தச் சொல்லை அவ்வளவு பெருமையோடு சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னர் அவன் என்னையும் இறங்கச் சொன்னான். மாமா பின்னாலிருந்து தள்ளினார். முழங்கால், தொடை, இடுப்பு. முப்பத்து நான்கு வயதில் முதன்முறையாக என் தாயாரின் சட்டத்தை மீறினேன். காற்று முதுகில் அறைந்தது, மூச்சு அடைத்தது. என் மாணவன் பலகையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதீங்க சேர். கால் நிலத்தில கிடக்கட்டும். நான் பிடிச்சிருக்கிறன்" என்றான். வகுப்பறையில் அவனுக்கு ஒரு நாளாவது அப்படிச் சொன்னேனா என்று எண்ணிப் பார்த்தேன்; நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். திங்கள் முதல் வியாழன் வரை அவன் பாடசாலைக்கு வருவான். வெள்ளி, சனி, ஞாயிறு அவனுக்கும் காற்றுக்கும். அந்த மாலைகளில் நான் கரைக்குப் போவேன். வெள்ளிக்கிழமை வராமையைக் குறித்து அதிபரிடம் நான் சொன்ன பொய்யை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்றிக் கிடந்த ஒரு படகின் மறைவில் அமர்ந்து, தமிழும் வரலாறும் நான் சொல்லிக் கொடுத்தேன். கணக்குக்கு என் சக ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள் வந்தார். ஒரு மாலை, பாடத்துக்கு வெளியே போய், நெடுநல்வாடையின் கதையைச் சொன்னேன். அரசியைப் பற்றி அவன் அக்கறைப்படவில்லை. மாடு மேய்ப்பவர்களிடம் வந்ததும் நிறுத்தினான்.

"அவங்களுக்கு அந்தக் குளிரில சம்பளம் ஆர் குடுத்தது சேர்?"

பாட்டில் அது இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக் காற்றைக் கன்னத்தில் வாங்கினான். கண்ணை மூடி ஒரு கணம் கணித்தான்.

"இப்ப இருபது நொட்டுக்கு மேல அடிக்குது சேர். அந்தக் கணக்கை நாளைக்கு வைப்பமா?"

பரீட்சைக்கு ஐந்து கிழமைகள் இருந்தன. அவன் ஓடிவிட்டான். கொப்பி பறக்காதபடி அதன்மேல் அவன் தகப்பனார் ஒரு காலத்தில் எடுத்து வந்த சங்கொன்றை வைத்துவிட்டு, பட்டத்தின் விளிம்பைப் பிடித்துக் கொடுக்க நான் எழுந்து போனேன்.